இதில் மன்னிப்பு எங்கே?

போன சனிக்கிழமை ஏற்காட்டில் எங்கள் குழுவின் சந்திப்பு. ஆட்டிசம், ஏடிஹெச்டி என்று ஆளுக்கொன்று வாய்த்த பெரியவர்கள், எங்கள் உரிமைகளுக்காக நாங்களே நடத்தும் குழு. (எனக்கு ஏடிஹெச்டி: கவனம் நிற்காது, அவசரம் அடங்காது. இந்தப் பத்தி ஏன் எப்போதும் தாமதமாக வருகிறது என்று எடிட்டருக்கு இப்போதாவது புரியட்டும்.)

நாங்கள் ரொம்ப மென்மையானவர்கள். கண் கூசும் என்று ட்யூப்லைட்டை அணைத்திருந்தோம். சத்தம் ஆகாது என்று கைதட்டாமல் விரல்களை மட்டும் ஆட்டினோம்.

அப்போது ஸ்டெல்லா எழுந்தார். ஆட்டிசம் உள்ளவர். வாழவந்தியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார்.

"ஏனுங்க மாலதி மேடம், போன கூட்டத்துல நான் அழுதத என்னையக் கேக்காம எதுக்குங்க வீடியோ போட்டீங்க? ரெண்டு ஊட்டுல டியூஷன நிறுத்திப்போட்டாங்க. டீச்சருக்குக் கிறுக்குங்கறாங்க."

மாலதி எங்கள் தலைவி. சென்னைக்காரர். "விழிப்புணர்வுக்காகத்தான்மா போட்டேன். எனக்கும் ஏடிஹெச்டி இருக்கில்லையா… யோசிக்காம செஞ்சிடறேன்" என்றார்.

எனக்கும் அதேதான். அவசரத்தில் வீடியோ போட்டுவிடலாம் — சரி. அவசரத்தில் சோக வயலின் சேர்க்க முடியுமா? "ஊட்டுக்குப் போகோணும்" என்று ஸ்டெல்லா விம்மியதை, ஆங்கில சப்டைட்டிலில் ஊட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்குப் போக அழுத பெண், டூர் கேட்டு அழுதவராகிவிட்டார். கமென்ட்டில் ஒரே சிரிப்பு.

மாலதி அழத் தொடங்கினார். உடனே டிஷ்யூ, தண்ணீர், தோளில் கை… எல்லாம் அவருக்கே. ஸ்டெல்லா நின்றபடியே இருந்தார்.

"அழுது முடிங்க மேடம். நான் இருக்கறேன்."

கிண்டல் இல்லை. நிஜமாகவே காத்திருந்தார்.

அழுது முடித்த மாலதி, குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் மன்னிப்பு கேட்பதற்காக நீளமாக ஒரு பதிவு எழுதி வாசித்துக் காட்டினார். விரல்கள் ஆடின.

"நொம்ப நல்லா எழுதியிருக்கறீங்க. இதுல மன்னிப்பு எங்கீங்க இருக்குது?"

எல்லோரும் தேடினோம். பயணம் இருந்தது, வலி இருந்தது, கற்றல் இருந்தது. அது மட்டும் இல்லை.

கடைசியில் பதிவு இரண்டே வரியானது: 'ஸ்டெல்லாவைக் கேட்காமல் வீடியோ போட்டது என் தவறு. மன்னித்துவிடுங்கள், ஸ்டெல்லா.' வீடியோவை நீக்கினார். குழுவின் பக்கத்தை நிர்வகிப்பதிலிருந்தும் விலகினார்.

ஸ்டெல்லா விடவில்லை. "அந்த ரெண்டு ஊட்டுக்கும் நீங்களே வந்து சொல்லோணுங்க."

மறுநாள் மாலதி, ஸ்டெல்லா, நான் மூவரும் வாழவந்தி பஸ் ஏறினோம். ஒரு வீட்டில் பிள்ளையைத் திரும்ப அனுப்பச் சம்மதித்தார்கள். இன்னொரு வீட்டில் காபி மட்டும் கொடுத்தார்கள்.

திரும்பும்போது போனைப் பார்த்தேன். மன்னிப்புப் பதிவின் கீழே இதயங்கள் குவிந்திருந்தன. 'எவ்வளவு பெரிய மனசு மேடம்.' ஸ்டெல்லாவுக்கு ஒன்றே ஒன்று — 'இதைப் பெருசு பண்ணாம இருந்திருக்கலாமே, சிஸ்டர்.'

பக்கத்து சீட்டிலிருந்த மாலதியும் அதைப் பார்த்துவிட்டார். தன் போனை எடுத்துப் பதில் தட்டினார்: 'பெருசு பண்ணுனது நானுங்க.'

ஒரே பஸ் பயணத்தில் சென்னைக்காரருக்கு 'ங்க' வந்துவிட்டது.