சிவப்புத் தாள் சுற்றிய விளக்கு

தம்பிக்குச் சின்னமுத்து அம்மை போட்டு இறங்கிய அந்த மழைக்காலத்தில் எங்கள் காம்பரா அறையில் இரண்டு உயிர்களுக்கு வெளிச்சம் ஆகாமல் போயிற்று. ஒன்று தம்பி. மற்றது, வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நின்ற கொய்யாமரத்திலிருந்து நான் பிடித்து வந்த குச்சிப்பூச்சி.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அவன் கண்ணில் சிவப்பு மாறவில்லை. வெளிச்சம் பட்டால் குத்துகிறது என்று அழுதான். தோட்டத்து மருந்தய்யா சொட்டு மருந்து கொடுத்து, கொஞ்ச நாள் இருட்டில் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டார். நாள் முழுக்க அந்த இருட்டில் படுத்திருந்தவனுக்கு வேடிக்கை காட்டத்தான் பூச்சியைக் கொண்டு வந்தேன்.

கடைக்காரர் கொடுத்த பழைய மிட்டாய்ப் போத்தலில் அதைக் கொய்யா இலையோடு போட்டு, வாயைத் துணியால் கட்டி, தம்பியின் தலைமாட்டில் வைத்தேன். பகலெல்லாம் காய்ந்த குச்சியாகவே கிடந்தது. இருட்டிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. ஆனால் குப்பி விளக்கைக் கிட்டே கொண்டு போனால், நடந்துகொண்டிருந்த கால் அந்தரத்திலேயே நின்றுவிடும். திரியைத் தாழ்த்தினேன், விளக்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பூச்சி அசையவில்லை. அப்பாவின் சாயவேட்டியின் நீல ஓரத்தை விளக்கின் முன்னால் பிடித்துப் பார்த்தேன். அதற்கும் அசையவில்லை. வேட்டி லேசாகக் கருகியதுதான் மிச்சம். அதற்கு அம்மாவிடம் அடியும் வாங்கினேன்.

ஹட்டனில் ஒரு போட்டோக் கடையில் மாமா எடுபிடி வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் என் கதையைக் கேட்டார்.

"படம் கழுவுற அறையில செவப்பு லைட்டு மட்டுந்தான் போடுவோம் ஆயி. அந்தக் கடுதாசிக்கு அது வெளிச்சம்னே தெரியாது. ஒன் பூச்சிக்கும் தெரியாதோ என்னவோ, பாப்போம்."

அடுத்த வாரம் சிவப்புக் கண்ணாடித் தாள் கொண்டு வந்தார். அரிக்கன் லாம்பின் கூண்டைச் சுற்றி, சூடு படாத தூரத்தில், அதை ஒரு கம்பி வளையத்தில் கட்டிக் கொடுத்தார். அன்று மாலை, நாங்கள் இருப்பதையே அறியாததுபோல் பூச்சி துணி வரைக்கும் ஏறி, தலைகீழாகத் தொங்கி, இலையின் விளிம்பை அரைவட்டமாக வெட்டித் தின்றது. எனக்கு மூச்சு விடவும் பயமாக இருந்தது.

அது முதல் மாலைதோறும் அதுவே எங்கள் வேலை. பாதிக் கண்ணை மூடியபடி தம்பி சொல்லிக்கொண்டே இருப்பான். இப்போது ஏறுகிறது, இப்போது தின்கிறது, இப்போது பீ போட்டது என்பான். நான் பார்ப்பேன், சரியாகவே இருக்கும். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை முடிந்து வரும் அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டு, அந்த மங்கல் வெளிச்சத்திலேயே பூச்சியைப் பார்க்கிறவனுக்குக் கண்ணில் என்ன கோளாறு இருக்கப்போகிறது என்று நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார்.

அம்மாவுக்குப் பூச்சி என்றாலே அருவருப்பு. அப்படிப்பட்டவர், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்ததும் நேரே வந்து எங்களோடு உட்காரத் தொடங்கினார். பூச்சியைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் அதன் மேல் ஆசை வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

ஒருநாள் நான் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்பியபோது, அம்மா விளக்கேற்றி, போத்தலைத் தம்பியின் முன்னால் வைத்திருந்தார். அதில் இலை மட்டுமே இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"பூச்சி எங்க இருக்கு சாமி?"

தம்பி போத்தல் பக்கம் காதைச் சாய்த்தான். வெகுநேரம் அப்படியே இருந்தான்.

"தூங்குதும்மா. இலைக்குப் பின்னால."

"நல்லாப் பாரு."

"தெரியுதும்மா. நல்லாத் தெரியுது."

அம்மா லாம்பைக் கையில் எடுத்தார். லாம்பிலிருந்து சிவப்புத் தாளைக் கிழித்தார். வெளிச்சத்தை அவன் முகத்தருகே கொண்டுபோய், இமையை விரலால் பிரித்துப் பார்த்தார். பிறகு கம்பளியைச் சுற்றி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பா வரும்வரை காத்திராமல் மருந்தய்யாவின் வீட்டுக்கு நடந்தார். லாம்பைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போனேன்.

மருந்தய்யா லாம்பு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்தை நடத்தும் தொரையிடம் ஓடினார். தோட்டத்து லொறியில் அன்றைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பாதிப் பார்வை மிஞ்சியது. ஒரு வாரம் தாமதித்திருந்தால் அதுவும் இருந்திருக்காது என்று அங்கே சொன்னார்களாம். அந்தப் பாதிப் பார்வையை வைத்துக்கொண்டுதான் அவன் பின்னாளில் பஸ்ஸேறி வேலைக்குப் போனான், பெண் பார்த்தான், பிள்ளைகளின் முகம் பார்த்தான்.

எங்களுக்கு ஒரு தங்கை இருந்தாள். முந்தைய வருஷம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. தம்பி யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கண் தெரியவில்லை என்றால் தன்னையும் அங்கே கொண்டுபோவார்கள் என்று அவன் பயந்தான். அதனால்தான், இலை அரைபடும் சத்தத்தையும் துணியில் கால் பிறாண்டும் சத்தத்தையும் கேட்டு, அத்தனை நாளும் பார்க்கிறவனாக இருந்தான். இதெல்லாம் அவனே பெரியவனான பிறகு என்னிடம் சொன்னது.

அன்று மருந்தய்யாவின் வீட்டுக்குப் போன வழியில் எனக்கு எதுவும் தெரியாது. அம்மா என் பூச்சியைக் கொய்யாமரத்தில் விட்டுவிட்டார் என்ற கோபம் மட்டுமே இருந்தது. தேயிலை மலைக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் தோளிலிருந்து தம்பி மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, போத்தல்ல பூச்சி இருந்திச்சா?"

"இல்லடா. அம்மா முன்னாடியே எடுத்து விட்டுட்டாங்க."

அவன் அம்மாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழத் தொடங்கினான். பூச்சி போய்விட்டதற்காகத்தான் அழுகிறான் என்று எண்ணி, நாளைக்கு வேறொன்று பிடித்துத் தருகிறேன் என்று அவனைத் தேற்றிக்கொண்டே நடந்தேன்.