தாகத்தைப் பற்றி மாமா பேசிய வெள்ளிக்கிழமை

என் மாமாவுக்குப் பிரசங்கம் செய்யத் தெரியுமா என்பதில் எங்கள் கள்ளிக்குப்பம் சபை இரண்டாகப் பிரிந்திருந்தது. தெரியும் என்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தவர்கள். தெரியாது என்றவர்களும் சிரித்தவர்கள்தான். வீட்டுக்குப் போன பிறகு அதற்காக வருத்தப்பட்டவர்கள்.

மாமா, அம்மாவின் தம்பி; எங்களோடுதான் இருந்தார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஞாயிறு மாலை வாலிபர் கூட்டத்தில் மைக் கையில் வந்துவிட்டால் போதும். "யோனா மீன் வயித்துல மூணு நாளு இருந்தான்பா. உன்ன காசிமேட்டு மீன் மார்க்கெட்ல மூணு நிமிசம் நிக்க சொன்னா மூக்கப் பொத்திக்கினு ஓடுற!" எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்திலேயே பெரிய பிரசங்கியார் யார் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் மாமாவைக் கை காட்டியிருப்பேன்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு மாமாவைப் பேச அழைத்தார்கள். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஆலயத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்று மணியாகும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கு ஒன்றாகப் பேசுவார்கள். ஐந்தாவது, தாகம் என்று அவர் கேட்டது. அது மாமாவுக்கு. பிரசங்க பீடத்தில் அவர் ஏறப்போவது அதுதான் முதல் தடவை.

சபைச் செயலர் முகப்பேரிலிருந்து பைக்கில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர். "தம்பி, வாலிபர் கூட்டம் வேற, பீடம் வேற. கீது, வந்துகினுன்னுலாம் அங்க பேசக் கூடாது. ஜோக்கு வேண்டவே வேண்டாம். மீறிப் பேசுனன்னா மறுக்கா உன்ன ஏத்தச் சொல்லி நான் யார்கிட்டயும் கேக்க முடியாது, பாத்துக்கோ."

"சரிண்ணா," என்றார் மாமா. அவ்வளவு அடக்கமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. செயலர் போனதும் அம்மா, "டேய், ஊரே பாக்கும். மானத்த வாங்கிடாத," என்றாள்.

அதன்பின் மொட்டை மாடியில் தினமும் ஒத்திகை நடந்தது. காயப்போட்ட போர்வைகளும் நானும்தான் சபை. ஒரு சிரிப்புகூட இல்லாத அந்தப் பிரசங்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. மின்விசிறிகள் அனல்காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விட்டன. உபவாசம் இருந்தவர்களின் தலைகள் நான்காவது பேச்சிலேயே தொங்கிவிட்டன. மாமா ஏறினார். வெள்ளைச் சட்டை, அச்சில் வார்த்த மாதிரித் தமிழ். அம்மாவின் விரல்கள் மடியில் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

பாதியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. தாய் எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தாள். மாமா நிறுத்தினார். "யம்மா, அதுக்கு தண்ணி குடும்மா. உபவாசம் நமக்குத்தான், அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "வேணும்னா நம்ம செயலர் அண்ணாத்த பங்கையும் அதுக்கே குட்த்துடு!"

ஆலயமே சிரித்துவிட்டது. பெரிய வெள்ளியன்று! தூங்கி வழிந்தவர்கள்கூட விழித்துச் சிரித்தார்கள். செயலர் தரையைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியது. மாமா பீடத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்:

"சிரிச்சிட்டோம். அங்கியும் சிரிச்சாங்க. தாகமா கீதுன்னாரு, புளிச்ச காடிய நீட்டிட்டு சிரிச்சாங்க. அந்தக் கும்பல்ல யாரோ ஒருத்தன்தான் மொதல்ல ஜோக்கு அடிச்சிருப்பான். அவன் கெட்டவன்லாம் இல்ல. என்ன மாரி ஆளுதான். நாலு பேரு சிரிக்கணும்னு வாயத் தொறந்திருப்பான். அவரு தண்ணி கேட்டது அவன் காதுல வுழவே இல்ல."

மேலே ஏதோ சொல்ல வந்தவர் அப்படியே இறங்கி வந்து அம்மாவுக்கு முன் வரிசையில் உட்கார்ந்தார். அடுத்துப் பேச வேண்டியவர் எழுந்திருக்கவே வெகுநேரமாயிற்று.

மாடியில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகியிருந்த கடைசிப் பகுதி முழுவதையும் மாமா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு நினைவிருந்தது. எழுந்து எடுத்துக் கொடுக்கலாமா என்றுகூடத் துடித்தேன்.

ஆராதனை முடிந்ததும் அன்று யாரும் யாரோடும் பேசாமல் கலைவது வழக்கம். செருப்பு விடும் இடத்தில் போதகர் எங்களுக்காகக் காத்திருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா, "ஐயா, நான்..." என்று தொடங்கினார். போதகர் மாமாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அவர் கண்கள் சிவந்திருந்தன.

எங்கள் வகுப்பிலும் டீச்சர் அடிப்பதற்கு முன்னால் கையை அப்படித்தான் இறுக்கிப் பிடிப்பார். மாமாவுக்கு அடி விழப்போகிறது என்று பயந்து, நான் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.