லாரிக்குப் போகும் காய்

கோஹினூரின் வீட்டில் கத்திரிக்காய் இரண்டு வகை. ஓட்டை விழுந்தது வீட்டுக்கு, பளபளப்பது ஊருக்கு. ஜெசோர் பக்கம் கத்திரி போடும் வீடுகளில் இதுதான் வழக்கம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வயல் அவள் கணவர் சுலைமானுடைய பொறுப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து அடிப்பார். நோன்பு மாதம் வந்து, பஜ்ஜிக்காகக் காய் விலை ஏறிவிட்டால் தினமும் அடிப்பார். கடைக்காரன் கொடுக்கும் மூன்று மருந்தையும் ஒன்றாகக் கலக்கி, சாயங்காலம் அடித்து, காலையில் பறித்து டாக்காவுக்கு ஏற்றிவிடுவார்.

வீட்டுச் சமையலுக்கென்று மருந்தே படாத கொல்லைப்புறத்துப் பாத்தி கோஹினூருடையது. துளைப்புழு இறங்கி வாடித் தொங்கும் குருத்துகளை விடியலில் கிள்ளி அடுப்பில் போடுவாள். ஆண் பூச்சியை மயக்கி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் தொங்கவிட்டிருந்தாள். அப்படியும் நாலு காயில் மூன்று சொத்தை. வயலிலும் இதையே செய்தால் என்ன என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். பக்கத்து வயல்காரனும் சேர்ந்து கிள்ளினால்தானே பலன், அவன் வயல் பூச்சி நம் செடியில் வந்து முட்டையிட்டால் உன் பொறி என்ன செய்யும் என்றார் சுலைமான். அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ஊரே விஷம் அடித்தது.

மருமகள் ஷர்மின் குல்னா நகரத்துப் பெண். கணவன் கத்தாருக்குத் திரும்பிவிட, ஐந்து மாத வயிற்றோடு மாமியார் வீட்டில் இருந்தாள். அவள் தன் அம்மாவிடம் போனில் பேசியது ஒருநாள் கோஹினூர் காதில் விழுந்தது.

"நல்ல காயெல்லாம் லாரிக்குப் போவுதும்மா. எனக்குப் புழு தின்ன மிச்சம்தான்."

கோஹினூருக்குச் சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். நாங்கள் விற்பதை நாங்களே தின்னமாட்டோம் என்று புது மருமகளிடம் எந்த முகத்தோடு சொல்வது? நாக்கு நீண்டவள், பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஷர்மினின் அம்மா நோன்பு திறக்க வந்தாள். அன்று அடுப்படியை ஷர்மினே எடுத்துக்கொண்டாள். பெற்றவள் முன்னால் சொத்தைக் காயை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. காலையில் லாரிக்கு ஏற்றியது போக வாசலில் ஒரு கூடை மிஞ்சியிருந்தது. அதிலிருந்து எடுத்து நறுக்கினாள்.

மசூதியில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஆனபின் பஜ்ஜித் தட்டு வந்தது.

"இன்னிக்கு ஒரு காய்லகூட ஓட்டை இல்ல மாமி" என்று சிரித்தாள் ஷர்மின்.

கோஹினூர் வாசல் கூடையைப் பார்த்தாள். பாதி காலி. கணவரைப் பார்த்தாள். அவர் கையில் எடுத்த பஜ்ஜியைச் சத்தமில்லாமல் தட்டிலேயே திரும்ப வைத்தார். ஒரு வார்த்தை போதும். சம்மந்தியம்மா முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னால் மானம் போகும். டாக்காவில் ஆயிரம் பேர் தின்கிறார்கள், யாருக்கு என்ன ஆகிவிட்டது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள், பாவி. ஆனால் அவளும் ஒன்றுகூட எடுக்கவில்லை. பகலெல்லாம் பசித்திருந்த பிள்ளைத்தாய்ச்சி ஏழெட்டு தின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஷர்மினுக்கு வாயில் நுரை தள்ளியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டார். மூன்றில் ஒன்றின் பெயர்கூடச் சுலைமானுக்குச் சொல்லத் தெரியவில்லை. வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. விடிவதற்குள் ஷர்மினும் போய்விட்டாள்.

ஒன்றே ஒன்று தின்றிருந்த அம்மாக்காரி வாந்தியோடு பிழைத்தாள். மகளின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு கோஹினூரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சம்மந்தியம்மா, நீங்க ரெண்டு பேரும் ஏன் அத வாயில வைக்கல?"