காலி ஃப்ரீசரில் இடமில்லை

கிட்டே வாருங்கள், என் செல்லங்களே. இன்னும் கொஞ்சம் கிட்டே. உரக்கச் சொல்லக்கூடிய கதை இல்லை இது. பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பாதியில் எழுந்து போகக் கூடாது. சம்மதமென்றால் சொல்கிறேன்.

இது நடந்தது. எனக்கு நடந்தது. நேரத்தைக்கூட நிமிடக் கணக்கில் சொல்வேன், ஏனென்றால் வந்த அழைப்பெல்லாம் என் கைபேசியில் பதிவாகியிருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

ஒரு பெரிய மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். தரைக்குக் கீழே இரண்டு தளம் இறங்கினால் பொது ஆய்வகம். விலை உயர்ந்த கருவிகளை ஆளுக்கொன்று வாங்க முடியாதல்லவா? அதனால் பதின்மூன்று ஆராய்ச்சிக் குழுக்களுக்கு ஒரே நுண்ணோக்கி அறை, ஒரே ஃப்ரீசர் அறை. பதின்மூன்று மருமகள்களுக்கு ஒரே அடுப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் இடத்தில் யார் வைத்தது, யார் நேரத்தில் யார் நுழைந்தது என்று நாள் முழுக்கச் சண்டை. ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத குழுக்களே நாலு இருந்தன. அந்த அறைகளின் சாவிக்கொத்து என் இடுப்பில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கருவிகளின் பெயர்களை எழுத்துக் கூட்டி நானே படித்துக்கொண்டேன். எல்லோருக்கும் நான் சாவியக்கா.

ஃப்ரீசர் அறையில் ஒன்பது ஃப்ரீசர்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரம். உள்ளே மைனஸ் எண்பது டிகிரி. ரத்தம், சதை, கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு எல்லாம் வருடக்கணக்கில் அங்கே உறைந்து கிடக்கும். ஒன்பதாம் எண் மட்டும் எப்போதும் ஓடும், எப்போதும் காலி. மற்ற எட்டில் ஒன்று பழுதானால், அதில் இருப்பதை உடனே ஒன்பதுக்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் ஒரு குப்பியைக்கூட யாரும் வைத்ததில்லை. அப்படி ஒரு அவசரம் வந்ததே இல்லை.

உள்ளே குளிர் குறைந்தால் ஒரு கருவி தானாகவே தொலைபேசியில் கூப்பிடும். பதிவு செய்து வைத்த பெண் குரல். என் வீடு பக்கத்தில் என்பதால் பட்டியலில் என் எண்தான் முதல்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் 2:17.

“ஒன்பதாம் எண் ஃப்ரீசர். வெப்பநிலை உயர்கிறது.”

காலி ஃப்ரீசர்தானே என்று விட்டிருக்கலாம். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. கிளம்பிவிட்டேன்.

வாசலில் காவலாளி. எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டே இருப்பதால் அவருக்குக் கொட்டாவி என்று பேர்.

“ஞாயித்துக்கிழமைகூடவா சாவியக்கா? உள்ள புதையல் கிதையல் வச்சிருக்கீங்களா?”

“ஆமா, உனக்குப் பாதி. உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

“காலைலேர்ந்து ஒரு ஈ காக்கா போகல.”

2:38. கீழே இறங்கினேன். பகல்தானே என்று நினைக்காதீர்கள். அங்கே ஜன்னல் கிடையாது. மத்தியானம் இரண்டு மணியும் ராத்திரி இரண்டு மணியும் ஒன்றுதான்.

கதவைத் திறந்ததுமே ஏதோ சரியில்லை என்று காது சொல்லிவிட்டது. ஒன்பது மோட்டார்களும் சேர்ந்து ஒரே சுருதியில் உறுமும் அறை அது. அன்று ஒரு குரல் குறைந்தது.

ஆறாம் எண் நின்று போயிருந்தது. மைனஸ் 41 காட்டியது. அதற்கு மணி அடிக்கவில்லை. அழைப்பும் வரவில்லை. செத்துக்கொண்டிருந்தது வாய் திறக்காமல் கிடக்க, காலியாக இருந்தது என்னைக் கூப்பிட்டிருக்கிறது.

ஆறில் இருந்தவை குருவியின் டப்பாக்கள். குருவி ஒரு ஆராய்ச்சி மாணவி. கொத்திக் கொத்திச் சாப்பிடுவாள், அதனால் நான் வைத்த பேர். லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருகிற நோய் ஒன்று. அந்தக் குழந்தைகளின் வீடுகளுக்கு ஐந்து வருடமாக நடையாய் நடந்து ரத்தம் வாங்கிச் சேர்த்திருந்தாள். ஏழு டப்பாக்கள். அந்தக் குழந்தைகளில் பதினொரு பேர் இப்போது உயிரோடு இல்லை. ரத்தம் உருகிக் கெட்டுப்போனால் மறுபடி எடுக்க யாரிடம் போவது?

அவளைக் கூப்பிட்டேன்.

“குருவி, ஆறு நின்னுபோச்சும்மா.”

“ஐயோ அக்கா! எவ்ளோ காட்டுது?”

“நாப்பத்தொண்ணு.”

“ஒம்பதுக்கு மாத்துங்க. இப்பவே மாத்துங்க. நான் ஓடி வரேன்.”

ஒன்பதின் கதவு சரியாகத்தான் மூடியிருந்தது. மைனஸ் 66. ஆறுக்கு இது தேவலை. திறந்தேன்.

தட்டுகள் காலி. சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி. ஆனால் பின்சுவரில் மட்டும் பனி உருகி, அகலமாக ஒரு தடம். யாரோ முதுகைச் சாய்த்து வெகுநேரம் நின்றாற்போல…

கதவின் உட்பக்கம் பார்த்தேன். அங்கே பனியில் இரண்டு உள்ளங்கைத் தடங்கள். பத்து விரல்களும் தெளிவாக.

வேறு வழியில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் டப்பாவை வைத்தேன். மூடினேன். அப்போது 2:50.

இந்த ஃப்ரீசர்களுக்கு ஒரு குணம் உண்டு. மூடியதும் கதவு காற்றை உறிஞ்சி இறுகிக்கொள்ளும். மூன்று நிமிடத்துக்கு யானை இழுத்தாலும் வராது.

2:51. கதவு திறந்தது.

நான் தொடவில்லை. மெதுவாக, உள்ளேயிருந்து தள்ளினாற்போலத் திறந்தது.

மூடினேன். மறுபடி திறந்தது.

“யாரா இருந்தாலும் சரி, இது பச்சப் புள்ளைங்க ரத்தம். வம்பு பண்ணாத!” என்று கத்தினேன்.

இரண்டாவது டப்பாவை வைத்தேன்.

அது பறந்து வந்து என் மார்பில் மோதிக் கீழே விழுந்தது.

படார்! கதவு சாத்திக்கொண்டது. முதல் டப்பா உள்ளே.

என் கைபேசி அடித்தது. 2:58. அதே பெண் குரல்.

“ஒன்பதாம் எண் ஃப்ரீசர்… இடமில்லை.”

அந்தக் கருவியில் பதிவு செய்து வைத்தது நாலே நாலு வாக்கியம். நாலும் எனக்கு மனப்பாடம். இது அதில் இல்லை.

கதவை இழுத்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை; ஒன்பதின் வெப்பநிலை எண்கள் ஏறின. 58… 49… 37…

3:04. குருவி மூச்சிரைக்க வந்தாள்.

“என்னக்கா, டப்பா ஏன் கீழ கிடக்கு?”

“ஒம்பதுல வேணாம்டி. ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு.”

“மாட்டிக்கிச்சுன்னா?”

நான் தடுப்பதற்குள் கதவை இழுத்துக் கையை விட்டுவிட்டாள்.

கதவு அவள் கையின் மேல் சாத்தியது.

அலறினாள்.

சுவரில் காலை உதைத்துக்கொண்டு கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை.

இடுக்கு வழியாகக் காற்று வந்தது. என் முகத்தில் பட்டது.

வெதுவெதுப்பாக இருந்தது.

நின்றது. மறுபடி வந்தது. நின்றது… வந்தது…

மூச்சு.

கைபேசி தானாகவே பேசியது.

“இடமில்லை.”

“இடமில்லை.”

“அக்கா… யாரோ என் விரலப் பிடிச்சிருக்காங்க…”

அவளை இடுப்போடு கட்டி இழுத்தேன்.

விட்டது.

இருவரும் தரையில் விழுந்தோம். டப்பா அவள் கையில். 3:06.

மற்றதெல்லாம் நிரம்பியிருக்க, இடமிருந்தது நாலாம் எண் ஃப்ரீசரில் மட்டும்தான்; அது ஒரு பேராசிரியருடையது. அவர் பேச ஆரம்பித்தால் சுவர் அதிரும், அதனால் இடி என்போம். பாதி இடம் சும்மாவே கிடந்தாலும் தனிப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார். தொட்டவர்கள் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று என் முன்னாலேயே சொல்லியிருந்தார். அவசரத்துக்கென்று மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. திறந்தேன். ஏழு டப்பாக்களையும் அடுக்கினேன். பூட்டினேன்.

திரும்பிப் பார்த்தால் ஒன்பதாம் எண் மைனஸ் 80 காட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் உறுமிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை இடி இடித்தது.

“யாரக் கேட்டுத் தொறந்தீங்க?”

“குழந்தைங்க ரத்தம் சார். உருகிப் போயிருக்கும்…”

“உங்க வேலை காவல் காக்குறது. என் பூட்டத் தொறக்க நீங்க யாரு?”

இருபத்திரண்டு வருட வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். பதின்மூன்று குழுக்களில் ஒருவர்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. மெக்கானிக் வந்து ஒன்பதைப் பிரித்துப் பார்த்தார். ஒரு பழுதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். குருவியின் இரண்டு விரல் நகங்கள் கறுத்து விழுந்தன. திரும்ப முளைக்கவேயில்லை.

ஆனாலும் ஏழு டப்பாக்களும் தப்பித்தன என்ற நிம்மதி எனக்கு இருந்தது. நாலு மாதம்தான் இருந்தது அந்த நிம்மதி.

ஒரு சாயங்காலம் குருவி என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

“டெஸ்ட் முடிஞ்சுது அக்கா. ஆறு டப்பா நல்லாருக்கு.”

“ஏழாவது?”

அது பதினாறு நிமிடம் ஒன்பதுக்குள் இருந்த டப்பா. அதில் நாற்பத்து மூன்று குப்பிகள். நாற்பத்து மூன்று குழந்தைகள்.

“மூணு தடவ பண்ணிப் பாத்துட்டேன். நாப்பத்து மூணும் ஒரே ஆளோட ரத்தம்.”

“எந்தப் புள்ளையோடது?”

“எந்தப் புள்ளையோடதும் இல்ல. பெரிய ஆளு.”

“ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்குமா?”

“ஒரு மூடிகூடத் தொறக்கலக்கா. ஒட்டின சீல் அப்படியே இருந்துச்சு.”

நகமில்லாத விரல்களைத் தடவிக்கொண்டாள். உறைந்து உருகிய ரத்தத்தில் அணுக்கள் வெடித்துச் செத்துப் போயிருக்கும். அவள்தான் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள்.

“இது சாகல அக்கா. இப்பதான் உடம்புலேர்ந்து எடுத்த மாதிரி… சூடா இருந்துச்சு.”

செத்துப்போன பதினொரு குழந்தைகளில் ஒன்பது பேருடைய குப்பிகள் அந்த டப்பாவில்தான் இருந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள்.

இவ்வளவுதான், கண்ணுகளா. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்கள் பிள்ளைகளின் ரத்தம் எந்தக் குப்பியையும் பார்க்காமல், அவரவர் உடம்பிலேயே நூறு வயது ஓடட்டும்.