ஒரே திரையும் மான்சாக்காரன் மும்பாவும்

கபெம்ப்வாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கீபோர்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்த வருஷம் கிட்வே அலுவலகத்திலேயே சுத்தமான கீபோர்டு அவருடையதுதான்.

லுவாபுலா மாகாணத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனியில் அவர் நெட்வொர்க் பொறுப்பாளர். அந்தப் பக்கத்து டவர்களை மான்சா ஊரில் இருந்துகொண்டு பார்த்துக்கொள்பவன் மும்பா. கிட்வேயிலிருந்து மான்சா போகக் காங்கோ நாட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரவேண்டும். மொக்காம்போ எல்லையில் பாஸ்போர்ட்டுக்கு ஒரு முத்திரை, செம்பே எல்லையில் இன்னொரு முத்திரை, நடுவில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு குளிர்பானம் கேட்கிற சிப்பாய்கள்.

அந்தப் பாதைக்குப் பயந்தே அங்கே ஒரு பழக்கம் உண்டு. தூரத்து டவரில் இருக்கிற ரூட்டரில் எதையாவது மாற்றுவதற்கு முன்னால், அதற்கு ஒரு கட்டளை போட்டு வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் நான் திரும்பி வந்து வேண்டாம் என்று சொல்லாவிட்டால், நீயே அணைந்து எழுந்துகொள். எழுந்தால் பழைய அமைப்போடுதான் எழும். கை தவறி நாமே நம் வழியை அடைத்துக்கொண்டாலும் பெட்டி தானாகத் திரும்பி வந்துவிடும். இது தெரியாதவனைக் கபெம்ப்வா கீபோர்டுக்குப் பக்கத்தில் விடமாட்டார்.

அப்புறம் தலைநகர் லுசாகாவிலிருந்து, புதுமாதிரிப் பெட்டி விற்கிற கிளிஃபோர்ட் வந்தான். ஹோட்டலில் ஏசி அறை, சமோசா, சுவர் முழுக்கப் படம்.

"பெட்டிக்கெல்லாம் இனிமே மூளையே வேணாம் பாஸ். மூளை ஒண்ணே ஒண்ணு, இங்க கிட்வேல. ஒரு திரை, ஒரு கிளிக். அத்தனை டவரும் நீங்க சொன்னபடி ஆடும்."

"லிங்க் விழுந்தா?" என்றார் கபெம்ப்வா.

"அதுவே சரி பண்ணிக்கும்."

"எப்படி?"

"அதான் பாஸ் மென்பொருள்ங்கிறது."

அறை முழுக்கச் சிரித்தது. கபெம்ப்வா மட்டும் சிரிக்கவில்லை. ஆயிரம் பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் அது. கேள்வி கேட்டவனை மடையனாக்குவதற்கென்றே செய்து வைத்தது. கம்பெனி வாங்கிப் பின்னால் வந்து இறங்கிய பெட்டிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே பழைய சரக்கு, மேலே புது ஸ்டிக்கர்.

மேனேஜர் சிச்சோனேவுக்கு அந்தப் படத்தில் பிடித்தது ஒன்றுதான். "அப்போ மான்சால ஆள் எதுக்கு, மிஸ்டர் கபெம்ப்வா? ஒரு சோதனை வைப்போம். லுவாபுலா டவர் எல்லாத்தையும் இங்கேருந்தே புதுப் பாதைக்கு மாத்துங்க. மும்பா கை வைக்காம நடந்துட்டா, மாசக் கடைசியோட அவன் வேலைய முடிச்சிடலாம்."

மும்பாவுக்கு மான்சாவில் வீடு பாதிதான் எழும்பியிருந்தது. சுவர் உண்டு, கூரை இல்லை. அவனை வேலைக்கு எடுத்ததே கபெம்ப்வாதான். முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய ஆள், புதுசைக் கண்டால் பயப்படுகிறான் என்று பேர் வந்துவிடுமே என்கிற பயம் அவருக்கு.

சோதனை நாளில் எல்லாரும் திரையைச் சுற்றி நின்றார்கள். கபெம்ப்வா அந்தக் காவல் கட்டளையைப் போட இடம் தேடினார். திரையில் எங்கேயும் இல்லை.

"பாஸ், அதெல்லாம் உங்க தாத்தா காலத்து வேலை. அமுக்குங்க," என்றான் கிளிஃபோர்ட்.

அமுக்கினார். ஒவ்வொரு டவராகப் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போனது. மான்சா, சம்ஃப்யா, கவாம்ப்வா, எல்லாம். பழைய பாதை அடைபட்டுவிட்டது. கிட்வேயில் இருக்கிற அந்தப் பெரிய மூளை பெட்டிகளோடு பேசிக்கொண்டிருந்ததும் அதே பாதை வழியாகத்தான். மூளை இல்லாத பெட்டிகள் உத்தரவுக்குக் காத்துக்கொண்டிருந்தன. உத்தரவு போக வழியில்லை.

கிளிஃபோர்ட் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். சிச்சோனே, "மும்பாவக் கூப்பிடுங்க," என்றார், வெட்கமே இல்லாமல்.

செல்போன் டவர்கள் வேறு கம்பெனியுடையவை, அவை விழவில்லை. மும்பா, அந்தப் பக்கத்துத் தீனியான வறுத்த புழுவை மென்றுகொண்டே பேசினான். "என்ன கசூபா அப்பா, பரீட்சை முடிஞ்சுதா?" கபெம்ப்வாவை அவருடைய பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"எல்லாம் விழுந்துடுச்சு."

"இங்கயும்தான் தெரியுது. ஆஸ்பத்திரில நர்ஸம்மா என்னைத்தான் திட்டுது." மென்றதை விழுங்கிவிட்டுக் கேட்டான். "ஏன்யா, எனக்குக் குழி வெட்டினீங்க. வெட்டும்போது நீங்களே உள்ள விழுந்துட்டீங்க. இப்போ நான் வந்து தூக்கிவிடணுமா?"

கபெம்ப்வாவின் கை கீபோர்டைத் துடைக்கப் போயிற்று.

"வேலை இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"தெரியல மும்பா. பொய் சொல்ல மாட்டேன்."

"சரி, வை. நான் போறது ஆஸ்பத்திரிக்காக. ஒங்க திரைக்காக இல்ல."

மோட்டார் சைக்கிளில் டவர் டவராகப் போய், ஒயரைச் செருகி, கையாலேயே ஒவ்வொரு பெட்டியையும் எழுப்பினான். கடைசி டவர் எழும்ப மூன்று நாளாயிற்று.

அடுத்த வாரம் கிளிஃபோர்ட் புதுப் படத்தோடு வந்தான். லுவாபுலா முழுவதும் ஒரே திரையில், வெற்றி. ஒரு சுரங்கக் கம்பெனிக்காரர்கள் அதை வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். மும்பாவின் பேர் அதில் இல்லை. அவன் வேலையும் மாசக் கடைசிவரைதான் என்று சிச்சோனே காலையில்தான் சொல்லியிருந்தார். கபெம்ப்வா திரைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தபடி அமுக்கிக் காட்ட வேண்டுமாம்.

அவர் நின்றார். அமுக்கவில்லை.

"இது நல்லாத்தான் வேலை செய்யும்," என்றார் வந்தவர்களிடம். "ஆனா மான்சால மும்பான்னு ஒருத்தன் இருக்கணும். போன வாரம் நான் இதே மாதிரி அமுக்கினேன், மாகாணமே விழுந்துச்சு. தூக்கி நிறுத்தினது அவன். இவங்க விலைப்பட்டியல்ல அவன் கிடையாது, தனியாத்தான் தேடிக்கணும்."

சிச்சோனேவின் முகம் கறுத்தது. கிளிஃபோர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுரங்கத்துப் பெரியவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "அந்த மும்பா இன்னும் உங்க ஆள்தானா? இல்லேன்னா நாங்க எடுத்துக்கறோம்," என்றார்.

எல்லார் முன்னாலும் சிச்சோனே என்ன சொல்வார். "நிரந்தர ஆள், நிரந்தர ஆள்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

கூட்டம் கலைந்ததும், அந்த வருஷம் கபெம்ப்வாவுக்கு வரவேண்டிய சம்பள உயர்வு போயிற்று. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மும்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நன்றியெல்லாம் எதிர்பாக்காத," என்றான் மும்பா. "மொத நாளே இத ஏன்யா சொல்லல?"

போனை வைத்துவிட்டான். சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.