அம்மனும் மாமியாரின் சால்வையும்

தாம்பரத்தில் என் சிற்பக் கண்காட்சி இன்று தொடங்கியது. நடுக்கூடத்தில் ஆளுயர அம்மன். உடம்பில் துணியில்லை, வயிற்றில் பிரசவக் கோடுகள்.

இரும்புலியூரிலிருந்து மாமியார் வந்தார். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டார். கோயிலில் அலங்காரம் முடிந்து திரை விலகினால்தான் கும்பிடுபவர் அவர்.

அம்மன் முன்னால் நின்று, பையிலிருந்து சால்வையை எடுத்தார். போர்த்திவிடப் போகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது.

தன் தோளில் போர்த்திக்கொண்டார்.

“ஏசி ஜாஸ்தியா வெச்சிருக்காங்கம்மா.”

பிறகு குனிந்து வயிற்றைப் பார்த்தார்.

“கோடெல்லாம் கரெக்டா வந்திருக்கு. உன் புருஷன் பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான்.”

எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் நின்ற புருஷன்தான் இன்னும் தலை நிமிரவில்லை.

நாளை வருகிறவர்கள் சால்வை எடுத்து வாருங்கள். உங்களுக்கு.