கழுவாமல் தைத்த போர்வை

கழுவாத துணி என் மேசைக்கு வரக் கூடாது. போர்வை தைக்கத் தொடங்கிய காலத்தில் நானே போட்ட சட்டம் அது. என்னோடு சேர்ந்து தைப்பவர் பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள், என் புருசனின் அக்கா. அவருக்கு அவசரம் அதிகம். எங்கேயாவது நல்ல துண்டு கண்டால் அப்படியே கொண்டுவந்து கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். நான் பிடுங்கி வாளிக்குள் போட்டுவிடுவேன்.

"என்னகா இது, கோயில் துணியா கழுவிக் கழுவி வைக்கிறதுக்கு?" என்று முகத்தை நீட்டுவார்.

"மலிஞ்ச சிவப்புத் துண்டு ஒண்டே காணும் மச்சாள், சாயம் இறங்கும். முதல் தோய்ச்சல்லயே முழுப் போர்வையையும் நாசமாக்கிப்போடும்," என்பேன்.

நான் சொல்வதில் பிழை இல்லை. எங்களுக்கு வருவது வெட்டுத் துண்டுகள். ஒன்று பருத்தி, ஒன்று நைலோன், ஒன்று என்னவென்று கடவுளுக்குத்தான் தெரியும். கழுவாமல் தைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, நடுவில் வைக்கிற நட்சத்திரத்தின் முனை கோணிப்போகும். தைத்த பிறகு அழுது பயனில்லை.

எங்கள் வீடு தன்னாமுனையில், வாவிப் பக்கம். நான் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். ஏறாவூரில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ராத்தா ஒருவர் தன் கடைத் துண்டுகளை உரப்பையில் கட்டி அனுப்புவார். அவர் தைப்பது பெரும்பாலும் கறுப்பு அபாயா. அதனால் எங்கள் போர்வைகளில் நட்சத்திரத்தைச் சுற்றி இருக்கும் வானம் எப்போதும் கறுப்பு. நட்சத்திரம்தான் கண்டபடி இருக்கும். ஒரு முனை பழைய சேலை, அடுத்தது ஆண்கள் கட்டும் சாரம், இன்னொன்று யாரோ வீட்டு யன்னல் சீலை. எட்டு முனையும் எட்டு வீட்டுத் துணி. அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருக்கிறார்கள். சிரித்தவர்களிடமும் துணி கேட்டு வாங்கியிருக்கிறேன்.

தைத்து முடிந்ததெல்லாம் வந்தாறுமூலைப் பக்கம் இருக்கும் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குப் போகும். மாரியில் அந்தப் பிள்ளைகள் கிழிந்த சாரத்தைப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒண்டிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் நாங்கள் தொடங்கினோம். முதல் முறை கொடுத்தபோது, மஞ்சள் அதிகமாக இருந்த போர்வைக்காகப் பிள்ளைகள் அடிபட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். எல்லாப் போர்வைக்கும் ஒரே சாம்பல் நிறப் பின்துணி. நட்சத்திரத்தை உள்ளே விட்டு, பின்துணி வெளியே தெரிய மடித்து, மழைக்குப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுவோம். யாருக்கு எது வருகிறதோ அது. தைத்த எங்களுக்கே எந்தப் பைக்குள் எந்த நட்சத்திரம் என்று தெரியாது.

துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து வைப்பது என் மகளின் வேலை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் பையை எறிந்துவிட்டு, துண்டுக் குவியலுக்குள் கால் நீட்டி இருப்பாள். கறுப்பைக் கண்டால் பிடிக்காது. "அம்மா, ஒரு நாளைக்காவது சிவப்பு வானம் வைங்களன்," என்பாள். "வானம் எங்க புள்ள சிவப்பா இருக்கும்?" என்று கேட்டால், பின்னேரத்தில் வாவிக்கு மேலே பார்க்கச் சொல்வாள். வாய்க்காரி. என்னைப்போல.

டெங்குக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் வந்தாள். திரும்ப நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் உடுப்பையெல்லாம் கொடுத்துவிடு என்று சொந்தக்காரர் சொன்னார்கள். வைத்திருக்கக் கூடாதாம். கொடுத்தேன். அலுமாரியில் இருந்தவை தோய்த்து மடித்தவை, அவற்றில் சவர்க்கார மணம்தான் இருந்தது. ஆனால் தோய்க்கிற கூடைக்குள் கிடந்த மூன்றை நான் யாருக்கும் காட்டவில்லை. கடைசியாகப் பள்ளிக்கூடம் போன வெள்ளைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்ட சிவப்புச் சட்டை, வீட்டில் போடுகிற மஞ்சள் பூச்சட்டை. தேங்காயெண்ணெயும் வியர்வையும் பள்ளிக்கூட வெண்கட்டித் தூளும் கலந்த ஒரு மணம். என் பிள்ளையில் மிஞ்சி இருந்தது அது ஒன்றுதான்.

அவற்றை வெட்டித்தான் ஒரு போர்வை தைத்தேன். வெட்ட எப்படி மனம் வந்தது என்று கேட்டால், என் கைக்கு வேறு ஒன்றும் தெரியாது. சிவப்பு வானம், வெள்ளை முனைகள், நடுவில் மஞ்சள். சட்டம் போட்ட நானே ஒரு துண்டையும் கழுவவில்லை. கழுவினால் பிறகு எதற்கு? பின்துணிக்கு வீட்டில் வேறு இல்லை, அதே சாம்பல் துணிதான். கை பழகிய பழக்கத்தில் அதே மாதிரி மடித்தேன். மணம் போய்விடாமல் பொலித்தீன் பையில் போட்டு முடிந்து அலுமாரிக்குள் வைத்தேன்.

என் புருசன் வாவியில் மீன்பிடித் தொழில் செய்கிறவர். பின்னேரம் தோணி எடுத்தால் விடியத்தான் கரைக்கு வருவார். அவர் போன பிறகு பையை அவிழ்ப்பேன். முகத்தை வைப்பேன். மணம் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் உடனே மூடிவிடுவேன். சில நாள் முடிச்சு நான் போட்டதைவிட இறுக்கமாக இருக்கும். என் மறதி என்று விட்டுவிடுவேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தேன். பிள்ளையின் பெயரைக்கூட வீட்டில் எடுக்கமாட்டார். கல்லு மனிசன் என்று மனதுக்குள் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன்.

போன மாரியில் கூரை ஒழுகி அலுமாரிக்குள் தண்ணீர் இறங்கியது. போர்வைப் பையை எடுத்துத் தையல் மேசையில் வைத்துவிட்டு, நூல் வாங்க ஏறாவூருக்குப் போனேன். கொடுப்பதற்கு மடித்த மற்றவையும் அதே மேசையில்தான் இருந்தன. வெள்ளம் வரப்போகிறது என்று பயந்து இல்லத்து வாகனம் சொன்ன நாளுக்கு முந்தியே வந்துவிட்டது. மச்சாளிடம் வீட்டுத் திறப்பு இருந்தது. கதவைத் திறந்து, மேசையில் இருந்ததையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒரே பை, ஒரே பின்துணி, ஒரே மடிப்பு. அவரில் பிழை சொல்ல ஒரு வழியும் இல்லை. வழி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் வந்து வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விசயத்தைச் சொன்னதும் மச்சாள் தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். "எனக்குத் தெரியாதுகா, சத்தியமாத் தெரியாது," என்று அழுதார். அவரைத் தேற்றவும் நான்தான் வேண்டியிருந்தது.

ரோட்டில் வெள்ளம் வடிய ஒரு கிழமை சென்றது. முதல் பஸ்ஸில் வந்தாறுமூலைக்குப் போனேன். இல்லத்துக்குப் பொறுப்பான பெண் என்னைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். ஒரு போர்வை மாறி வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். சிவப்பும் வெள்ளையும் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"அய்யோ அக்கா, அதுவா? வாற சாமான் எல்லாத்தையும் சுடுதண்ணில அவிச்சுத் தோய்ச்சுத்தான் நாங்க பிள்ளைகளுக்குக் குடுக்கிற. அது மட்டும் சாயம் இறங்கிட்டு. உங்கட துணி ஒருநாளும் இப்பிடிப் போறல்லையே."

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மைதானே, எங்கள் துணி ஒருநாளும் சாயம் போவதில்லை.

சாயம் போனதை எந்தப் பிள்ளையும் எடுக்கவில்லையாம். படுக்கையை நனைக்கிற ஒரு சின்னப் பிள்ளைக்கு, எப்படியும் நனையத்தானே போகிறது என்று அதைக் கொடுத்திருக்கிறார்கள். விறாந்தைக் கொடியில் அது அப்போதும் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை முனைகள் எல்லாம் ரோசா நிறமாகி, சுருங்கி, கோணி நின்றன. நான் மச்சாளுக்குச் சொன்னது ஒன்றுவிடாமல் நடந்திருந்தது.

போர்வையை இழுத்து முகத்தில் வைத்தேன். சவர்க்காரம். வெயில். அடியில் இலேசாக மூத்திர மணம். வேறு ஒரு பிள்ளையின் மணம். மடிப்பு மடிப்பாகத் தேடினேன். தையல் ஓரங்களிலும் தேடினேன். இல்லை. என் பிள்ளை இரண்டாம் தரமும் போய்விட்டாள்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அந்தப் பிள்ளைதான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். போர்வையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, "இது என்ட," என்றது. பிறகு, "இனி நனைக்கமாட்டன். கொண்டு போகாதீங்க," என்றது.

போர்வையைத் திரும்பவும் கொடியில் போட்டு, சுருக்கத்தைக் கையால் இழுத்து விட்டேன். நனைந்தால் பரவாயில்லை என்று சொன்னேன். நான் எதைத் தேடி வந்தேனோ அது அதற்குள் இல்லை. மிஞ்சி இருந்தது ஒரு போர்வை, அதைப் போர்த்திக்கொள்ளக் குளிர்கிற ஒரு பிள்ளை இருந்தது.

வீட்டுக்கு வரும்போது பின்னேரமாகிவிட்டது. என் புருசன் அன்று தோணி எடுக்காமல், முற்றத்தில் இருந்தபடி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மச்சாள் சொல்லியிருப்பார். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"கிடைச்சுதா?"

"கிடந்தது. ஒரு சின்னப் புள்ள போர்த்துப் படுக்குதாம். விட்டுட்டு வந்திட்டன்."

அவர் கை நின்றது. வாவிப் பக்கம் பார்த்தபடியே, "மணம் இருக்கா?" என்றார்.

அந்த இறுக்கமான முடிச்சு யார் போட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விடிய அவர் கரைக்கு வரும் நேரம் நான் காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போயிருப்பேன். அவர் அவிழ்த்திருக்கிறார், முகத்தை வைத்திருக்கிறார், மணம் போய்விடாமல் என்னைவிட இறுக்கி முடிந்திருக்கிறார். நான்தான் அவரைக் கல் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

"இருக்கு," என்றேன். "அப்பிடியே இருக்கு."

"அப்ப அந்தப் புள்ளைக்கிட்டயே கிடக்கட்டும்," என்றவர் வலையால் முகத்தை மூடிக்கொண்டார். பிள்ளை போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். என் கைகளில் அந்தச் சவர்க்கார மணம் இன்னும் போகவில்லை. அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.